முன்னுரை இல்லாத நிரூபணம்

போன மாதம் எங்கள் பழைய பள்ளியின் கணக்கு ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தார்களாம். வடிவியல் நிரூபணத்தை அட்டவணை போட்டுத்தான் எழுத வேண்டும் என்பதில்லை, பிள்ளைகள் சொந்த நடையில் பத்தியாக எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "மிஸ், நீங்க அந்தக் காலத்துலயே இத செஞ்சீங்களாமே, எப்படின்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்று அவர்களில் ஒருத்தியான ரேவதி கேட்டாள். அந்தக் காலம் என்றால் ஏதோ ஓலைச்சுவடிக் காலம் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குப் பணிநிறைவு விழாவில் போட்ட சால்வை இன்னும் கடைக் கவரை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதை நிறுத்திய மறுநாளே நாமெல்லாம் அந்தக் காலத்து ஆட்கள்தான். ஒரு பக்கம் கேட்டார்கள். கணக்கு டீச்சரைப் பேசச் சொல்லி யாரும் கேட்பதில்லை என்பதால், கிடைத்ததுதான் சாக்கு என்று கொஞ்சம் கூடவே எழுதுகிறேன்.

சேலத்தில் பி.எட். படித்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: கரும்பலகையில் நெடுக ஒரு கோடு போடு, இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் காரணம். அந்த ஓராண்டில் வேறு என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால் விடுதி உப்புமாதான் நினைவுக்கு வருகிறது. முதல் வேலை தொப்பூருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பள்ளியில். கணவாயில் இறங்கும் லாரிகள் பிரேக்கைப் பிடிக்கும் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது. அந்த இடத்துக்கு அட்டவணைதான் சரி. நான் எழுதிப்போடுவேன், பிள்ளைகள் பார்த்து எழுதி மனப்பாடம் செய்வார்கள். ஒரு பையன் காரணங்களை மட்டும் வரிசையாக ஒப்பித்தான். "கூற்று எங்கடா?" என்று கேட்டேன். "அது நாளைக்கு மிஸ்" என்றான். நானும் சரியென்று உட்காரச் சொல்லிவிட்டேன், லாரி வந்துகொண்டிருந்தது.

பிறகு பாப்பாரப்பட்டிக்கும் இண்டூருக்கும் நடுவில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது. சுற்றிலும் தக்காளிக் காடு, ஒரு சத்தமும் கிடையாது. அமைதியான இடத்தில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்பது தெளிவாகக் கேட்டுவிடும். அட்டவணையை அச்சு அசலாக எழுதும் பெண்ணிடம், "இந்தக் கோணமும் அந்தக் கோணமும் ஏம்மா சமம்?" என்றால், "நாலாவது வரியில அப்புடித்தான் மிஸ் வரும்" என்றாள். அன்றைக்குத்தான் வகுப்பில் சொன்னேன், "இனிமேல் அட்டவணை வேண்டாம். பிதாகரஸ் தேற்றத்தை உங்க சொந்த வார்த்தையில, பத்தியா எழுதிட்டு வாங்க."

மறுநாள் நோட்டுகள் வந்தன. முதல் நோட்டைத் திறந்தேன்.

"முன்னுரை: முக்கோணம் இல்லாத வீடும் இல்லை, முக்கோணம் இல்லாத நாடும் இல்லை. கூரையிலும் முக்கோணம் உண்டு, சமோசாவிலும் முக்கோணம் உண்டு. அத்தகைய சிறப்பு வாய்ந்த முக்கோணத்தின் பெருமையை இக்கட்டுரையில் காண்போம்."

அதற்குக் கீழே பொருளுரை. பிதாகரஸ் என்னும் பேரறிஞர் அல்லும் பகலும் அயராது உழைத்துத் தேற்றத்தைக் கண்டுபிடித்த வரலாறு. கடைசியில் முடிவுரை. "ஆகவே நாமும் செங்கோணத்தைப் போல வாழ்வில் நிமிர்ந்து நிற்போமாக." எல்லா நோட்டிலும் இதே கதைதான். ஒரு நோட்டில் மேற்கோளுக்குக் குறள் இருந்தது. நிரூபணம் மட்டும் எதிலும் இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பத்தியாக எழுது என்று அவர்களிடம் அதுவரை கேட்டவர் தமிழாசிரியர் ஒருவர்தான். தமிழில் பத்தி என்றால் முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் முடிய வேண்டும், நடுவில் உபதலைப்புக்கு அடிக்கோடு போட வேண்டும். அதைத்தான் ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் தலைமையாசிரியர் ஆசிரியர் அறைக்குள் வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழில் முதுகலை படித்து, தமிழாசிரியராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். மாரியம்மன் பண்டிகை, மாதா கோயில் தேர் என்று எந்த ஊரில் திருவிழா நடந்தாலும் பட்டிமன்றத்துக்கு அவர்தான் நடுவர். அதனால் பிள்ளைகள் அவரை நடுவர் அய்யா என்றே சொல்வார்கள். எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. ஆசிரியர் கூட்டத்திலும் அவர் நடுவராகத்தான் இருப்பார். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். தொண்டையைச் செருமுவார். இந்தத் தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பார். அந்தத் தரப்பையும் தள்ளிவிட முடியாது என்பார். கழிப்பறைக்கு யார் தண்ணீர் திறந்துவிடுவது என்ற விவகாரமாக இருந்தாலும் இரண்டு தரப்பையும் பேசவிட்டு, மேசைமேல் இருக்கும் சின்னப் பித்தளை மணியை அடித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு பெரும்பாலும் வாட்ச்மேன் தலையில் விடியும்.

அவர் அந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நின்றபடியே படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"டீச்சரம்மா, கணக்குல தமிழ் வளக்கறீங்களே! சமோசா உவமையப் பாருங்க, என்னமா வந்திருக்குது!"

"சார், இதுல கணக்கு இல்லீங்களே."

"அது வந்துடும். மொதல்ல நடை வரட்டும்."

சமோசாக் கட்டுரையை வாங்கிப்போய் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். ஒரு வாரம் அது அங்கே இருந்தது. போகிற வருகிற ஆசிரியர்கள் எல்லாரும், "மிஸ், அடுத்து வட்டத்துக்கு போண்டாவா?" என்று கேட்டார்கள்.

முன்னுரையை ஒழிக்க எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது. ரேவதி கேட்ட செய்முறை இதுதான், கவனமாகப் படித்துக்கொள்ளட்டும். முதலில் எழுதவே விடக் கூடாது. பலகையில் படம் மட்டும் போட்டு, ஒருவரை எழுப்பி வாயால் சொல்லச் சொல்ல வேண்டும். என்ன செய்தேன், என்ன கிடைத்தது, எதனால் கிடைத்தது, இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சுக் கூடாது. கேட்கிற பிள்ளைகளுக்கு ஒரே வேலை. எங்கே காரணம் இல்லாமல் ஒரு வரி வருகிறதோ அங்கே பெஞ்சைத் தட்ட வேண்டும். தட்டினால், சொல்கிறவர் நின்று காரணம் சொல்லிவிட்டுத்தான் மேலே போகலாம். வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகள் தட்டுவதோடு விடாமல் "யாக்கே?" என்றும் கேட்பார்கள். ஏன் என்பதற்கு அவர்கள் வீட்டுச் சொல் அது. தட்டு விழாமல் ஒருவர் முடித்துவிட்டால், சொன்னதை அப்படியே எழுத வேண்டியதுதான் பாக்கி.

இதிலும் தில்லுமுல்லு உண்டு. காரணம் தெரியாத இடத்தில் 'எனவே' போட்டால் தட்டு விழாது என்று ஒரு கூட்டம் கண்டுபிடித்தது. ஒரு பையன், "எனவே ABC ஒரு முக்கோணம் என்க" என்றே தொடங்கினான். எதனால் எனவே என்று கேட்டால், "சும்மா ஒரு மரியாதைக்கு மிஸ்" என்றான்.

எங்கள் வகுப்புக்கு அடுத்த அறை தலைமையாசிரியருடையது. தட்டுச் சத்தம் அதிகமான ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க டீச்சரம்மா, உள்ள தச்சு வேலை நடக்குதுங்களா?" என்றார். விளக்கிச் சொன்னேன். முன்னுரை போனதில் அவருக்கு வருத்தம்தான். "கட்டுரையோட தலையையும் காலையும் வெட்டிட்டு வயித்த மட்டும் வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வகுப்பில்தான் சகாயமேரி இருந்தாள். குத்தகைக் காட்டில் தக்காளி போடும் வீடு. பறிப்பு நாட்களில் பள்ளிக்கு வர மாட்டாள். மனப்பாடம் என்பது அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. "செபமாலையிலயே சொந்தமா ரெண்டு வார்த்த சேத்துக்குவாளுங்க மிஸ் இவ" என்று அவள் அம்மா லூர்து சொல்லியிருக்கிறார். அட்டவணை எழுதச் சொன்னால் மூன்றாவது வரியின் காரணத்தை ஐந்தாவது வரியில் போட்டுவிடுவாள். ஆனால் பெஞ்சைத் தட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வகுப்பே மயங்கித் தலையாட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பின்னாலிருந்து ஒரே ஒரு தட்டு வரும். அது அவளாகத்தான் இருக்கும்.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் அனுப்பும் நேரம் வந்தது. நாமினல் ரோல் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். எல்லாரையும் தேர்ச்சி பெறவைத்துவிட வேண்டும் என்று நடுவர் அய்யாவுக்கு மேலிருந்து நெருக்கடி. ஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி குறைந்த பள்ளித் தலைமையாசிரியர்களை எழுப்பி நிற்கவைப்பார்களாம். ஊர் ஊராக மேடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன மனிதருக்கு அப்படி நிற்பது எவ்வளவு கசந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. அதற்காக அவர் எடுத்த முடிவுதான் எனக்கு ஆகவில்லை. தேறாது என்று தோன்றும் சிலரின் பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு தனித் தேர்வராக எழுதச் சொல்வது. அந்தச் சிலரில் சகாயமேரியும் ஒருத்தி.

தனியாகப் படித்து எழுதுவாள் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். எங்கள் பக்கத்தில் பள்ளியை விட்ட பெண்ணுக்கு ஓசூர் கம்பெனி வேன் வாசலிலேயே வந்து நிற்கும். ஏறினால் ஏறியதுதான். அந்த வேன்காரர் லூர்துவிடம் ஏற்கனவே பேசிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் கொடுத்த மதிப்பெண்களில் பாதி மனப்பாடத்துக்குப் போனது. காரணம் கேட்கத் தெரிந்த ஒரு பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு நான் யாருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என்று கோபம் கோபமாக வந்தது.

அவர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். சகாயமேரி அட்டவணை போட்டு எழுதிய பழைய தேர்வுத்தாளை அவர் எடுத்துக் காட்டினார். நான் அவள் எழுதிய பத்திகளை எடுத்துக் காட்டினேன். கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"ரெண்டு தரப்பும் கேட்டுட்டேன். அந்தப் புள்ளையக் கூப்புடுங்க. புத்தகத்துல நான் ஒரு தேற்றம் எடுத்துக் குடுக்கறேன். இங்கயே உக்காந்து எழுதட்டும். எழுதிட்டா பேரு இருக்கட்டும். இல்லீன்னா நீங்களும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

லூர்துவும் வந்திருந்தார். காட்டிலிருந்து நேராக வந்தவர், உட்காரச் சொன்னாலும் உட்காராமல் கதவோரம் நின்றார். நடுவர் அய்யா கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து விரல் வைத்தார். கோண இருசமவெட்டித் தேற்றம். முக்கோணத்தின் ஒரு கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் கோடு, எதிர்ப்பக்கத்தைப் போய்த் தொடும்போது அதை எந்த விகிதத்தில் பிரிக்கிறது என்பதைச் சொல்வது. மற்ற இரண்டு பக்கங்களின் விகிதத்தில்தான் பிரிக்கும். அதை நிரூபிக்க வேண்டும்.

சகாயமேரி மேசையோரம் உட்கார்ந்து எழுதினாள். படம் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதி முடித்துத் தாளை என்னிடம் கொடுத்தாள்.

"ABC முக்கோணத்தில் A கோணத்தை AD சரிபாதியாக வெட்டுகிறது. C வழியாக AB-க்கு இணையாக நான் ஒரு கோடு போட்டேன். AD-ஐ நீட்டினேன். அது அந்தக் கோட்டை E-இல் சந்திக்கிறது. AB-யும் CE-யும் இணை என்பதால் BAE, AEC இரண்டும் ஒன்றுவிட்ட கோணங்கள், சமம். BAE-யும் CAE-யும் சமம் என்று கணக்கிலேயே கொடுத்திருக்கிறார்கள். அதனால் ACE முக்கோணத்தில் A பக்கம் இருக்கும் கோணமும் E பக்கம் இருக்கும் கோணமும் சமம். அதனால் AC-யும் CE-யும் ஒரே நீளம்..."

இப்படியே போய், வடிவொத்த முக்கோணங்களில் சரியாக முடிந்திருந்தது. நான் ஓட்டமாகப் படித்து, மனசுக்குள் முழு மதிப்பெண் போட்டு, வெற்றியோடு தாளை அவரிடம் நீட்டினேன். அவர் மேடையில் வாசிப்பது போலச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். நாலு வரி தாண்டியிருக்காது, பேனாவால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"'E-இல் சந்திக்கிறது.' ஏன் சந்திக்குது?"

"சார்?" என்றேன்.

"ஒரு கோடு அது பாட்டுக்குப் போவுது. இன்னொரு கோடு இது பாட்டுக்குப் போவுது. தர்மபுரில ரெண்டு பஸ் கெளம்புது, ஒண்ணு பென்னாகரம் போவுது, ஒண்ணு பாலக்கோடு போவுது. வழியில சந்திச்சுக்குமா? இது மட்டும் எப்படிச் சந்திக்கும்?"

"புத்தகத்துலயே அப்படித்தான் சார் இருக்கு."

"புத்தகத்துல இருக்கறது காரணமாயிடுங்களா?"

"படத்துலயே தெரியுதே சார்."

"படத்துல தெரியறதெல்லாம் நெசம்னா, அப்புறம் இந்த நிரூபணம் எதுக்குங்க டீச்சரம்மா?"

அந்தத் தேற்றத்தை நான் எத்தனையோ வருஷமாகப் பலகையில் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு கோடும் E-க்கு வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தன, ஏனென்று ஒருவரும் கேட்டதில்லை. தெரிந்த வழி என்பதால் நான் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்கிறேன். வழி தெரியாத மனிதர் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்ததில் கல் அவர் காலில் தட்டிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இத்தனை மாதம் தட்டுச் சத்தத்தைக் கேட்டதில், கணக்கே தெரியாமல் அவருக்கு எங்கள் வித்தை பிடிபட்டிருக்கிறது. அது என் பெருமை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அந்த வித்தையே என் பிள்ளையைப் பள்ளியை விட்டுத் துரத்தப்போகிறதே என்றுதான் தோன்றியது. பதில் இருக்கிறது என்று தெரியும். ஆனால் பயத்தில் தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை.

அவர் சகாயமேரியைப் பார்த்தார். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லூர்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சந்திக்கலைன்னே வச்சுக்குவோங்கய்யா" என்றாள் சகாயமேரி.

"சரி, வச்சுக்கிட்டோம்."

"சந்திக்கவே இல்லீன்னா ரெண்டும் இணைக்கோடுங்க. நான் போட்ட கோடு AB-க்கு இணையாப் போட்டது. அப்ப AD-யும் AB-க்கு இணைன்னு ஆவுதுங்க."

"ஆவட்டும்."

"எப்படிங்கய்யா ஆவும்? AD-யும் AB-யும் ரெண்டுமே A-லருந்துதானே கெளம்புது? ஒரே வூட்டு வாசல்லருந்து ரெண்டு வழியா கெளம்புனதப் போயி, சந்திக்காத கோடுன்னு சொல்ல முடியுங்களா? அதனால சந்திக்கலைன்னு நெனச்சதுதான் தப்பு. சந்திச்சுத்தான் ஆவணும்."

நடுவர் அய்யா தாளில் இருந்த படத்தைப் பார்த்தார். விரலை A-இல் வைத்து ஒரு கோட்டில் போனார். மறுபடி A-க்கு வந்து இன்னொரு கோட்டில் போனார். உதடு அசைந்தது. மணியை எடுத்து அடித்தார்.

"தீர்ப்பு. முன்னுரை இல்ல, முடிவுரை இல்ல, ஒரு மேற்கோள் கெடையாது. தமிழ் வாத்தியாரா இருந்தா நான் இதுக்குப் பாதி மார்க்குதான் போடுவேன். பேரு இருக்கட்டும்."

லூர்து என்னைப் பார்த்து, "ஏங்க மிஸ், பாஸாயிட்டாளுங்களா?" என்றார்.

"பரீட்சையே இன்னும் எழுதலம்மா."

"அப்ப இது என்னாதுங்க?" என்றார். அவளைத் தினமும் பள்ளிக்கு அனுப்புங்கள், வேன்காரரிடம் இல்லையென்று சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். மற்றவர்கள் விஷயத்திலும் நடுவர் அய்யா மறுபரிசீலனை செய்தார் என்று எழுத ஆசைதான். இரண்டு பேரைத்தான் என்னால் மேலும் காப்பாற்ற முடிந்தது. மீதிப் பேர் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு புதுப் பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது. எங்கே கணக்கு ஆசிரியரைப் பார்த்தாலும், "E-ல ஏனுங்க சந்திக்குது?" என்று கேட்பார். அவர்கள் முழிப்பதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பார். ஆய்வுக் கூட்டத்தில் ஓர் அதிகாரியிடமே கேட்டுவிட்டதாகச் சொன்னார். அதை மட்டும் நான் நம்பவில்லை.

பொதுத் தேர்வில் அந்தத் தேற்றம் வந்தது. வினாத்தாளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நடுவர் அய்யா எல்லார் முன்னிலும், "நம்ம புள்ள எழுதியிருக்கும் பாருங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். முடிவு வந்தபோது சகாயமேரி எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். கணக்கில் மட்டும் நாற்பதை ஒட்டிய மதிப்பெண். சந்தோஷம்தான். ஆனாலும் எனக்குள் ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறாளே, அவளுக்கு இது உறுத்தியது. பத்தியாக எழுதியதால் திருத்தியவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டாரோ என்று ஊர் பேர் தெரியாத அந்த மனிதரை இரண்டு நாள் திட்டித் தீர்த்தேன்.

பிளஸ் ஒன் சேர்க்கை அன்று அவளைப் பார்த்தேன். கணக்குப் பாடம் இருக்கும் பிரிவுக்குத்தான் விண்ணப்பம் வைத்திருந்தாள்.

"ஏம்மா, தேற்றத்துக்கு முழுசா எழுதினியா?"

"அத எழுதலீங்க மிஸ். சாய்ஸ்ல விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? அந்தத் தேற்றத்தையா?"

"ஆமாங்க மிஸ். எனக்குத் தெரியாத மத்தக் கணக்கெல்லாம் கெடந்துச்சு, அதப் போட்டுப் பாக்கலாம்னு போயிட்டேன். இது அய்யா ரூம்லயே நிரூபிச்சாச்சு. ஒருவாட்டி நிரூபிச்சது நிரூபிச்சதுதானுங்களே?"

சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வரிசையில் தன் இடம் போய்விடும் என்று ஓடிப்போய் நின்றுகொண்டாள்.